எனக்கு விளங்கிய கேள்வி

1

போன செவ்வாய்க்கிழமை காலை, இங்குள்ள வதிவிட அட்டை கொடுக்கிற அரசாங்கக் கந்தோரில், என் கணவரின் பெயரை என் வாயால் சொன்னேன். கலியாணம் முடித்து ஐம்பத்தொரு வருஷம். அவர் கண் மூடி ஒரு வருஷம் ஆவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதற்கு முன்பு ஒருநாளும் நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த என் மகள் வதனி கையில் பிடித்திருந்த கடதாசிகளை மடியில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தெரியாத மனுஷியைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

ஊரில் என் தங்கச்சியின் மகள் படிப்பிக்கிறவள். வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி நாலு பக்கம் எழுதித் தாங்க பெரியம்மா என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கென்ன எழுத வரும் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஏனென்றால் ஊரில் நீங்கள் எல்லோரும் ஒரு கதையைக் கேட்டு வைத்திருக்கிறீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் தனியே கிடந்து போனார், வாசலில் நின்ற பெண்சாதிக்கு அந்த நாட்டுப் பாஷை விளங்காததால் உள்ளே விடவில்லை, பாவம், என்று. அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் சாகக் கூடாது.

2

நாங்கள் இருப்பது ஸ்பெயின் நாட்டில், வலென்சியா நகரத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். மருமகன் கப்பல் வேலைக்கு வந்து இந்தத் துறைமுகத்தில் இறங்கி நின்றுவிட்டவர். பிறகு வதனியை இங்கே கூப்பிட்டு எடுத்தார். ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் இருவரையும் எடுத்தார்கள். பேத்தி மாயாவுக்கு அப்போது மூன்று வயது.

வந்து இரண்டாம் நாள் என் கணவர் தனியே நடந்து போய்விட்டு மூச்சு வாங்க வந்தார். "புள்ள, இஞ்சயும் வாவி இரிக்கு. வாவியச் சுத்தி வட்டை கிடக்கு," என்றார். நான் நம்பவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உண்மைதான். எங்கள் வாவி மாதிரியே ஆழமில்லாத தண்ணீர், ஓரமெல்லாம் சம்புப் புல், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டும் மட்டும் வயல், கதிர் விட்ட வேளாண்மை. இவர் வரம்பில் குந்தி இருந்து ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்தார். மணி குண்டாக இருந்தது. "நல்ல நெல்லு. ஆனா காவல் இல்லாத வேளாண்மை. இவனுகளுக்கு யானையும் இல்ல, காட்டுப் பண்டியும் இல்ல," என்று சொன்னதில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது.

எங்களுக்கு வீடு களுதாவளையில், என் சீதன வீடு. காணி உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் வட்டையில். விதைப்புக்கும் வெட்டுக்கும் அங்கே வாடிக் குடில் அடித்து மாதக்கணக்கில் நிற்போம். நிற்காவிட்டால் யானை தின்னும். வதனி அந்த மண்ணில் வளர்ந்தவள் இல்லை. படிக்கட்டும் என்று மட்டக்களப்பில் என் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தோம். அறுவடை முடிந்து ஒருநாள் புதுநெல்லைப் பார்க்க வருவாள், அவ்வளவுதான். இது பின்னால் வேண்டிவரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இந்த நாட்டுப் பாஷை எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துத்தான் வந்தேன். முதல் கிழமையிலேயே நாலு சொல் பிடித்தேன். பேக்கரிப் பாணுக்குப் பாண் என்றுதான் சொல்கிறார்கள். மேசைக்கு மேசா. காலில் போடுகிற சப்பாத்துக்கு சப்பாத்தோ. இந்தப் பகுதி ஆட்கள் தங்களுக்குள் பேசுகிற இன்னொரு பாஷையில் கதிரைக்கு கதிரா. எங்கள் வீட்டில் கிடந்த சாமான்களுக்கு இவர்கள் எப்போது பேர் வைத்தார்கள் என்று இவர் கேட்டார். போர்த்துக்கேயன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது என்று மருமகன் சொன்னார். எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது. பாதிப் பாஷை எங்கள் குசினியிலேயே இருந்திருக்கிறது.

மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் வெளிநாட்டவர்களுக்குப் பாஷை படிப்பித்தார்கள். படிப்பித்தவர் பென்சன் எடுத்த பிலார் ரீச்சர். என் வயதுதான், உதட்டுச் சாயம் மறக்காதவர். எங்களோடு மொரோக்கோப் பெண்கள் ஐந்து பேரும், கடை வைத்திருக்கும் சீனப் புருஷன் பெண்சாதியும் இருந்தார்கள். ரீச்சர் எழுத்தில் தொடங்கவில்லை. கேள்வியில் தொடங்கினார். கியென் என்றால் யார். தோந்தே என்றால் எங்கே. குவாந்தோ என்றால் எப்போது. கோமோ என்றால் எப்படி. கேள்வி விளங்கினால் பாதை விளங்கின மாதிரி, பதில் தானாக வரும் என்று கையால் நடந்து காட்டிச் சொல்வார். எழுத்தில் நான் கடைசி. கேள்வி பிடிப்பதில் முதல். பெருமைக்குச் சொல்லவில்லை, ரீச்சரே சொன்னது.

இவருக்கு ஏறியது ஒரே ஒரு சொல். பியென். நல்லம் என்று அர்த்தம். எப்படி இருக்கிறீர்கள் என்றாலும் பியென். எந்த நாடு என்றாலும் பியென். பிள்ளைகள் எத்தனை என்றாலும் பியென். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

3

புருஷன் பெயரைப் பெண்சாதி சொல்வதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும். என் தாய் எனக்குச் சொன்னது அப்படித்தான். நான் பெயரை மட்டும் விடவில்லை, பெயருக்குள் கிடக்கிற சொற்களையும் விட்டேன். கோயிலிலும் சொல்வதில்லை, உடன்பிறந்தவனைக் கூப்பிடும்போதும் சொல்வதில்லை. கோயில் வண்ணக்கர் குடும்பத்துப் பிள்ளை நான். பிடித்ததை விடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

ஊரில் அதனால் ஒரு வேலையும் நின்றதில்லை. ஊர் விதானையாரிடம் போனாலும் கிளினிக்குக்குப் போனாலும் பிள்ளையை முன்னால் விடுவோம். பிள்ளை இல்லாவிட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவள் சொல்லுவாள். அவள் புருஷன் பெயரை நான் சொல்லுவேன். ஒருத்திக்கு ஒருத்தி உதவி. பக்கத்து வீட்டுப் பூமணி என்னைப் பகிடி பண்ணுவாள். "கிழவியாகிட்டாய் கா, இனியும் அந்த மனிசன்ட ஆயுள்ல என்ன குறையப்போகுது, ஒருக்காச் சொல்லு பாப்பம்." நான் சொன்னதில்லை. வீட்டில் இவரைக் கூப்பிட, இஞ்ச பாருங்க. ஆட்களுக்கு நடுவில், மகளிட அப்பா. வட்டையில் கூப்பிட வேறு ஒரு முறை இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வகுப்பில் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ரீச்சர் என்னிடம் வந்து உன் கணவருக்கு என்ன பெயர் என்று கேட்டார். இந்தப் பாஷையில் அதை எப்படிக் கூப்பிடுவது என்ற மாதிரித்தான் கேட்பார்கள். கோமோ ஸே யாமா. நான் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு, இடது கை முழங்கையால் பக்கத்தில் இருந்த இவரை இடித்தேன். இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழும்பி நின்று, தகப்பன் பெயரையும் சேர்த்துத் தன் பெயரைச் சொன்னார். பியென் அல்லாத அவருடைய ஒரே பதில் அதுதான். ரீச்சருக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் என்னிடம் கேட்பார். நான் இடிப்பேன். இவர் எழும்புவார். மொரோக்கோப் பெண்கள் கை தட்டுவார்கள்.

இரண்டு குளிர்காலம் போனோம். பிறகு வதனிக்கு வேலை நேரம் மாறியது. நகரத்தில் ஹோட்டல் அறை துப்பரவு செய்யும் வேலை அவளுக்கு. மாயாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவர ஆள் வேண்டும். "அம்மா, கொஞ்ச நாளைக்கு வகுப்ப விடுங்க, மறுகாப் போகலாம்," என்றாள். நான் நின்றேன். நீயில்லாமல் நான் அங்கே போய் யாரிடம் இடி வாங்குவது என்று சொல்லி இவரும் நின்றார்.

4

எங்கள் தெருமுனையில் பாண்கடை. கடைக்காரி பெயர் அம்பாரோ. ஒவ்வொரு காலையும் நாங்கள் இருவரும் போவோம். உள்ளே கால் வைத்ததும் கோமோ எஸ்தாய்ஸ் என்பாள். எப்படி இருக்கிறீங்க. இவர் பியென் என்பார். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

அம்பாரோ மற்றவர்களிடம் கோமோ எஸ்தாஸ் என்று கேட்பதைக் கவனித்திருந்தேன். எங்களுக்கு மட்டும் எஸ்தாய்ஸ். எஸ்தாஸ் என்றால் நீ, எஸ்தாய்ஸ் என்றால் நீங்க என்று நானே விளங்கி வைத்துக்கொண்டேன். வெள்ளைக்காரியானாலும் வயதுக்கு மரியாதை தெரிந்தவள் என்று இவரிடம் சொன்னேன். எங்கள் சொந்தப் பேத்தி, "அம்மம்மா, நீ சாப்பிட்டியா" என்று கேட்கிற வீட்டில், தெருமுனையில் ஒருத்தி நீங்க போட்டுக் கேட்பது எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்கு விளங்கும். பாணை வாங்கிக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்துதான் வெளியே வருவேன்.

5

போன வருஷம், இங்கே நெல்வெட்டு நடக்கும் மாதம். வெட்டு மெஷின் இறங்கியிருக்கிறது, பார்த்துவிட்டு வாறன் என்று இவர் தேத்தண்ணி குடித்த கையோடு போனார். வாய்க்கால் கரைக் கட்டில் விழுந்து கிடந்தவரை வயல்காரர்கள் கண்டு அம்புலன்சுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சேட்டுப் பையில் அட்டையும் மகளின் நம்பரும் எப்போதும் இருக்கும். வதனிக்குப் போன் அடித்தார்கள். அவள் எனக்கு வீட்டுப் போனில் அடித்தாள். அப்பா மயங்கிவிட்டார், பயப்பட வேண்டாம், அம்பாரோவின் வீட்டுக்காரர் வருவார், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் வந்து சேருகிறேன் என்றாள்.

அந்த மனிதர் கதைக்காதவர். பாண் கொண்டுபோகிற வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், வாசலில் வான் நிற்பாட்ட விடாததால் என்னை இறக்கி, கண்ணாடிக் கதவைக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

உள்ளே மேசையில் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். நல்ல முகம். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். விளங்கியது. மி மரீதோ என்றேன். என் கணவர். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டாள். கோமோ ஸே யாமா சு மரீதோ.

விளங்கியது. பிலார் ரீச்சர் கேட்ட அதே கேள்வி. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவி வைத்த கோப்பை மாதிரித் துலக்கமாக விளங்கியது. என் இடது முழங்கை தானாக அசைந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நாக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும். நாக்கு வந்தது. நான் விடவில்லை. ஐம்பது வருஷம் அவர் நல்லாக இருந்தபோது சொல்லாததை, விழுந்து கிடக்கிற நாளிலா சொல்லுவேன் என்று நினைத்தேன். இன்றைக்குச் சொன்னால் அவருக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றுதான் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். பிறகு சத்தமாகக் கேட்டாள். கடதாசியும் பேனையும் தந்தாள். அவர்கள் எழுத்தில் என் பெயரை மட்டும்தான் எனக்கு எழுத வரும். என் பெயரை எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த சொல் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர், வயல், மகள், மகள் வருவாள். துப்பரவு செய்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வந்து என்னோடு கதைக்க விட்டார்கள். அவள் கதைத்தது வேறு எங்கோ ஒரு பாஷை. கடைசியில் மேசைக்காரி மற்றவளைப் பார்த்து, நோ என்தியெந்தே என்றாள். இவளுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். எனக்கு விளங்கவில்லை என்று அவள் சொன்னதும் எனக்கு விளங்கியது.

கதிரையில் இருந்தேன். சுவரில் மணிக்கூடு இருந்தது. முக்கால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட.

வதனி வேலை உடுப்போடு ஓடி வந்தாள். மேசையில் கையை ஊன்றி ஒரே மூச்சில் தகப்பன் பெயரைச் சொன்னாள். கதவு திறந்தது. நாங்கள் போனபோது முகத்தில் சூடு இருந்தது. கால் குளிர்ந்துவிட்டது. உயிர் போனது கால் மணித்தியாலம் முன்னால்தான் என்று சொன்னார்கள்.

பார்த்துக்கொண்ட நேர்ஸ் வதனியின் தோளைப் பிடித்துக்கொண்டு கதைத்தாள். வதனி அழுதபடி எனக்குச் சொன்னாள். கொண்டு வந்தபோது அறிவு இருந்ததாம். என்ன கேட்டாலும் பியென், பியென் என்றாராம். பிறகு வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து, ஊ என்று நீளமாக ஒரு சத்தம் போட்டாராம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். நோவு என்று நினைத்து ஊசி போட்டார்களாம்.



6

செத்த வீட்டுக்கு ஊரிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் வதனிதான் பதில் சொன்னாள். "அம்மாக்குப் பாஷை விளங்கல்ல. வகுப்ப நிப்பாட்டினது நான். எண்ட பிழை." ஒவ்வொருவருக்கும் இதையே சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம்.

அதோடு அவள் விடவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாளே தொடங்கினாள். பதினெட்டு அறை துடைத்துவிட்டு வந்த கை காயுமுன் எனக்கு முன்னால் வந்து இருப்பாள். "அம்மா, சொல்லுங்க. கோமோ ஸே யாமா. எண்டா என்ன? பேர் என்ன எண்டு கேக்கிறாங்க. இன்னொருக்காச் சொல்லுங்க." நான் தெரியாதவள் மாதிரி இருந்து, பிழையாகச் சொல்லி, திருத்தச் சொல்லிக் கேட்பேன். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்துவாள். பத்து மாதத்துக்கு மேல் இது நடந்தது. என் மகளுக்கு நான் செய்த பாவத்தில், ஆஸ்பத்திரியில் செய்தது பெரிதா இது பெரிதா என்று எனக்குத் தெரியாது.

நடுவில் அம்பாரோவின் கடைக்குப் போவதை நிறுத்தினேன். தனியே போன முதல் நாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோமோ எஸ்தாஸ் என்றாள். எஸ்தாய்ஸ் இல்லை. எஸ்தாஸ். பொட்டை அழித்தவளுக்கு இந்த நாட்டிலும் மரியாதை இல்லையா என்று நெஞ்சு எரிந்தது. நாலு மாதம் மற்றத் தெருவுக்கு நடந்து போய்ப் பாண் வாங்கினேன்.

மாயாதான் ஒருநாள் ஏன் தூரக் கடைக்குப் போகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளை சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அது மரியாத இல்ல அம்மம்மா. ரெண்டு பேர் நிண்டா எஸ்தாய்ஸ். ஒராள் எண்டா எஸ்தாஸ். நீ இப்ப ஒராள்தானே."

மரியாதைக்குக் கேட்பது வேறு மாதிரி என்றும் சொல்லித் தந்தாள். எனக்கு அது ஏறவில்லை. ஆறு வருஷமாக நான் நிமிர்ந்து நடந்தது, பக்கத்தில் ஒரு ஆள் நின்றதற்கு. அடுத்த நாள் அம்பாரோவின் கடைக்குப் போனேன். அவள் கேட்டதையே கேட்டாள். பியென் என்று இவர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தேன்.

7

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என் அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். மூன்று தரம் திருப்பி அனுப்பிய கந்தோர் அது. ஒருதரம் படம் சரியில்லை, ஒருதரம் மரண அத்தாட்சியின் மொழிபெயர்ப்பில் முத்திரை இல்லை, ஒருதரம் நாங்கள் வந்தது பிழையான யன்னல். இந்தத் தரம் ஒரு இளந்தாரி இருந்தான். கடதாசியைப் புரட்டிவிட்டு, மகளைப் பார்க்காமல், நேரே என்னைப் பார்த்து, உங்கள் கணவரின் பெயர் என்ன, அம்மா என்று அவர்கள் முறையில் கேட்டான். அதில் மரியாதை இருந்தது.

வதனி முந்திக்கொண்டாள். அம்மாவுக்குப் பாஷை விளங்காது என்று தொடங்கினாள். பாதியில் அவள் குரல் உடைந்தது. அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"சாமித்தம்பி," என்றேன். "கணபதிப்பிள்ளை சாமித்தம்பி."

கோயிலில்கூடச் சாமி என்று சொல்லாதவள். கூடப் பிறந்தவனைத் தம்பி என்று கூப்பிடாதவள். இதை எழுதும்போதும் கை நின்று நின்றுதான் போகிறது. இனிக் குறைய அவருக்கு ஆயுள் இல்லை.

வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருந்தோம். 

"அம்மா, அவன் கேட்டது உங்களுக்கு விளங்கினதா?"

"ஓம்."

"நான் சொல்லித் தந்ததிலயா?"

"இல்ல மகள். ரீச்சரிட வகுப்பில."

அவள் மனசுக்குள் வருஷத்தை எண்ணுவது எனக்குத் தெரிந்தது. "அப்ப, அண்டைக்கு?"

"அண்டைக்கும் விளங்கினது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆயுளைப் பற்றிச் சொன்னேன். முழங்கையைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, "ஒரு வருஷமா நான் என்னையே திண்டுகொண்டிரிக்கன் அம்மா," என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கம் இடம் விட்டாள். வீட்டுக்கு வந்து சோறு போட்டுத் தந்தாள். மூன்று நாள் ஒரு சொல் கதைக்கவில்லை. மருமகன் என்ன என்று கேட்டதற்கு, அப்பாவுக்கு ஆண்டுத் திவசம் வருகிறது, அதுதான் என்றாளாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அரிசி கழுவிக்கொண்டு நின்றவள், திரும்பாமலே கேட்டாள்.

"பேர் சொல்லாம அப்பாவ எப்படித்தான் கூப்பிட்டீங்க? வட்டையில அவ்வளவு தூரத்தில நிண்டா?"

அவள் மனம் இறங்குகிறது என்று எனக்குச் சந்தோஷம். யோசிக்காமல் சொல்லத் தொடங்கினேன். வட்டையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை மகள், கூக் காட்டுவோம். வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து, ஊ என்று நீட்டி. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கும். அப்பாவின் கூ அரைவாசியில் மேலே ஏறும். நான் சோற்றுப் பெட்டியோடு வரம்பில் நின்று காட்டினால், அவர் எங்கே நின்றாலும் மறுகூக் காட்டுவார். கேட்ட கூவுக்குக் கட்டாயம் பதில் காட்ட வேண்டும். பதில் வராவிட்டால் அங்கே யானை, அல்லது பாம்பு. போட்டது போட்டபடி எல்லோரும் அந்தப் பக்கம் ஓட வேண்டும். அதுதான் வட்டை வழக்கம்.

சொல்லிக்கொண்டு போனவள் நடுவில் நின்றேன். வதனி திரும்பியிருந்தாள். கையிலிருந்து அரிசித் தண்ணீர் நிலத்தில் வடிந்தது.

"அந்த நேர்ஸ் சொன்னது," என்றாள்.

"ஓம் மகள்."

"ரெண்டு தரம்."

"ஓம்."

"உங்களுக்குக் கேட்டதா?"

கேட்கவில்லை. அந்தக் கதவுகள் தடிப்பு. கேட்டிருந்தால் நான் கதவை உடைத்திருப்பேன். அவளுக்கும் அதைச் சொன்னேன். அவள் குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். ஒரு பாரத்தை இறக்கி வைக்கப் போய், அதைவிடப் பெரியதைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டேன். நானும் பக்கத்தில் இறங்கி இருந்தேன். என் வயதில் நிலத்தில் இருந்தால் எழும்ப ஆள் வேண்டும். அன்றைக்கு அவளும் எழும்பவில்லை.

8

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுத் திவசம். ஐயர் நகரத்தில் இல்லை, வரவழைக்க வசதியும் இல்லை. விடிந்ததும் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்தோம். இவருக்குப் பிடித்த மீன் ஆணமும் சோறும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு, வதனி என்னை வட்டைக்குக் கூட்டிப் போனாள். காகத்துக்கு வைக்கத்தான். இங்கே காகம் குறைவு, வெள்ளைக் கொக்குகள்தான் நின்றன.

வெட்டு முடிந்திருந்தது. தாள்கட்டைகளுக்கு நடுவே சேற்றுத் தண்ணீர். இவர் விழுந்த வாய்க்கால் கட்டில் தட்டை வைத்தோம். தூரத்தில் ஒரு மனிதர் மட்டும் மண்வெட்டியோடு மடை பார்த்துக்கொண்டு நின்றார்.

"காட்டுங்க அம்மா," என்றாள் வதனி.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்தேன். முதல் கூ தொண்டையிலேயே முறிந்தது. வதனி என் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வந்தது. பழைய நீளம் இல்லை, ஆனால் போனது. தண்ணீருக்கு மேலால் போய், அடுத்த வரம்பைத் தாண்டி, அதற்கு அப்பாலும் போனது. கொக்குகள் எழும்பி மறுபடி இறங்கின. நாங்கள் நின்றோம். பதில் வராத கூவுக்கு ஓடிப்போக வேண்டும். ஓடிப்போக எங்களுக்கு ஒரு திசை இல்லை.

அந்த மனிதர் நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார்.

"எஸ்தாய்ஸ் பியென்?"

நல்லா இருக்கிறீங்களா, இரண்டு பேரும்.

வதனி வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கேள்வி எனக்கு விளங்கிவிட்டது. பதிலை நானே சொன்னேன்.

"நோ," என்றேன். அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வரம்பால் எங்களை நோக்கி ஓடி வரத் தொடங்கினார்.